பழமை யாருடையது? கொச்சி யூதப்பள்ளிகளின் வரலாற்றெழுத்து குறித்த ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத்தெருவின் வடகோடியில், அரண்மனையை ஒட்டி நிற்கும் பரதேசி யூதப்பள்ளி கி.பி. 1568இல் கட்டப்பட்டது. காமன்வெல்த் நாடுகளில் வழிபாட்டில் இருந்துவரும் மிகப் பழைய யூதப்பள்ளி என்னும் அடைமொழி அதற்குப் பல பதின்ஆண்டுகளாக வழங்கி வருகிறது. 1968 திசம்பரில் அதன் நானூறாம் ஆண்டு விழா நடைபெற்றபோது அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அதில் கலந்துகொண்டார். இந்திய அஞ்சல்துறை சிறப்பு அஞ்சல்தலை வெளியிட்டது. சுற்றுலாக் கையேடுகளும் பாடநூல்களும் செய்தித்தாள்களும் "கொச்சியின் மிகப் பழைய யூதப்பள்ளி" என்று எழுதும்போது சுட்டுவது பெரும்பாலும் இந்தக் கட்டடத்தையே.

ஆனால் அதே பள்ளியின் முற்றத்துச் சுவரில் எபிரேய எழுத்துப் பொறித்த கல் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. அது 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தது; கொச்சங்காடியில் இருந்து மறைந்துபோன வேறொரு யூதப்பள்ளியின் அடிக்கல். பரதேசிப் பள்ளியை விட இருநூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் மூத்த ஒரு பள்ளியின் பிறப்புச் சான்று, "மிகப் பழையது" எனப் பெயர்பெற்ற பள்ளியின் சுவரிலேயே இருக்கிறது. வருவோர் அதையும் பார்த்துவிட்டே செல்கின்றனர். அடைமொழி மட்டும் மாறவில்லை.

'இயங்கிவரும்' என்ற ஒற்றைச் சொல் இம்முரணைத் தீர்த்துவிடுவதாகத் தோன்றலாம். எது இயங்கியது, எது ஏன் நின்றுபோனது என்ற கேள்விகள் அச்சொல்லுக்குள் புதைந்துவிடுகின்றன. கொச்சி யூதர் வரலாற்றெழுத்தில் பழமை என்பது காலக்கணக்காக மட்டும் இருந்ததில்லை. ஒரு பிரிவார் மற்றொரு பிரிவார்மேல் செலுத்திய உரிமையின் ஆவணமாகவும் இருந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெயர்களில் உள்ள வரலாறு

பரதேசி என்னும் சொல் இன்றைய தமிழில் வீடற்றவனையும் இரவலனையும் குறித்து வசையாகவே தேய்ந்துவிட்டது. மட்டாஞ்சேரியில் அது அதன் மூலப்பொருளில், 'பிறதேசத்தார்' என்னும் பொருளில் நிலைத்தது. அதுமட்டுமன்றிப் பெருமைக்குரிய பெயராகவும் ஆயிற்று. ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து துரத்தப்பட்டோரும் மேற்காசியாவிலிருந்து வந்தோரும் 16ஆம் நூற்றாண்டில் கொச்சியில் ஒரு தனிச் சபையாயினர். பள்ளியை எழுப்பியவர்களாகச் சொல்லப்படும் சாமுவேல் கஸ்தியேல், தாவீது பெலீலா, எப்ராயீம் சாலா, யோசேப்பு லேவி ஆகிய நால்வரின் குடிப்பெயர்களே அவ்வரவைக் காட்டுகின்றன. வந்தேறிகள் எனத் தம் பெயரிலேயே ஒப்புக்கொண்ட ஒரு சபையின் பள்ளி, நகரின் மிகப் பழைய பள்ளி என அறியப்படுவதில் உள்ள நகைமுரண் போதிய கவனம் பெறவில்லை.

இதற்கு மாறாக, மலபாரி யூதர்களின் பள்ளிப் பெயர்கள் மண்ணோடு ஒட்டியவை. கடவும்பாகம் என்றால் கடவின், அதாவது படகுத்துறையின் பக்கம். தெக்கும்பாகம் என்றால் தென்பக்கம். இவ்விரு பெயர்களும் மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய ஈரிடத்தும் உள்ளன. பழைய கொடுங்கல்லூர்க் குடியிருப்பின் இரு பகுதியார் இடம்பெயர்ந்தபோது தம் பெயர்களையும் எடுத்துச் சென்றனர் என்பது மரபுச் செய்தி. அதை உறுதிசெய்யக் கல்வெட்டு இல்லை. எனினும் ஒரே இணைப்பெயர் ஈரிடத்தில் திரும்ப வருவதற்கு இதைவிட எளிய விளக்கமும் இல்லை. கொச்சங்காடியும் அவ்வாறே: கொச்சு அங்காடி, தமிழில் சிற்றங்காடி.

வழிபாட்டிடத்தைக் குறிக்கும் சொல்லும் நோக்கத்தக்கது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகள் ஜெப ஆலயம் என்றும் தொழுகைக்கூடம் என்றும் பெயர்த்தன. கேரளத்தில் வழங்குவது ஜூதப்பள்ளி. சமணப் பள்ளி, பௌத்தப் பள்ளி, பள்ளிவாசல், கொல்லத்துத் தரிசாப்பள்ளி என வைதிகம் சாராச் சமயங்களின் இடங்களுக்குத் தென்னிந்தியா வழங்கிய பொதுப்பெயருக்குள் யூதரின் இடமும் அடங்கியது. இக்கட்டுரை அதனால் 'யூதப்பள்ளி' என்ற சொல்லையே கையாள்கிறது.

செப்பேடு சொல்வதும் சொல்லாததும்

பழமை பற்றிய எல்லா உரிமைக்கோரல்களும் சென்று முடியும் இடம் பாஸ்கர ரவிவர்மனின் செப்பேடு. வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்துகளுடன் பொறிக்கப்பட்ட இச்செப்பேட்டின் மொழி, தமிழ்க் கல்வெட்டுகளில் பழகியவர் பெரிதும் தடையின்றிப் படிக்கக்கூடியது. முயிரிக்கோட்டிலிருந்த சேர மன்னன், இசுப்பு இரப்பான் என்பவனுக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு விடுபேறுகளையும் வழங்கியதை அது பதிவுசெய்கிறது. உல்கும் துலாக்கூலியும் செலுத்த வேண்டாமை, பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் என நீளும் அப்பட்டியல், சேரநாட்டில் உயர்நிலையின் அடையாளங்கள் எவை என்பதற்கான சிறந்த சான்று. வேணாடு, ஏறாளநாடு, வள்ளுவநாடு முதலியவற்றை உடையோர் சாட்சிகளாக நின்றுள்ளனர்.

சமூக மரபு இதற்குக் கி.பி. 379 எனக் காலம் குறித்தது. எழுத்தமைதியும் அரசமரபும் அதற்கு இடந்தரவில்லை. 1972இல் வெளிவந்த தம் நூலில் எம். ஜி. எஸ். நாராயணன் இதனைக் கி.பி. 1000ஐ ஒட்டியதாக நிறுவினார்; ஆய்வுலகில் இன்று பெரிதும் ஏற்கப்படுவது அதுவே. அறுநூறு ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிய மரபுக்கணக்கை வெறும் பிழை என்று ஒதுக்குவதைவிட, அந்த ஆண்டு யாருக்குத் தேவைப்பட்டது எனக் கேட்பது பயனுள்ளது.

செப்பேடு மூன்று செய்திகளில் மௌனம் காக்கிறது. அதில் யூதர் என்னும் சொல் இல்லை; இரப்பானின் பெயரும் அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் பெயருமே அடையாளம். பள்ளி எதுவும் குறிக்கப்படவில்லை. நிறமோ குலத்தூய்மையோ பேசப்படவில்லை. ஆயினும் பரதேசிப் பள்ளி இச்செப்பேட்டைத் தன் காப்பில் வைத்திருந்ததாலேயே அது அப்பள்ளியின் மூலப்பத்திரம் போலாயிற்று. வைத்திருப்போர் வாரிசு என்ற கருத்து எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே நிலைபெற்றது.

உண்மையில் வாரிசுரிமை பற்றிச் செப்பேடு கூறுவது இதற்கு நேரெதிரானது. கொடை இரப்பானின் ஆண்மக்களோடு நின்றுவிடவில்லை. பெண்மக்கள், மருமக்கள், பெண்மக்களை மணந்தோர் ஆகியோருக்கும் அது செல்கிறது. கேரளத்தின் மருமக்கள் முறையின் சாயல் தெளிவாகப் படிந்த இவ்வாசகத்தைத் தந்தைவழித் தூய்மையின் சான்றாகக் காட்டியது, கொச்சி யூதர் வரலாற்றெழுத்தின் மிகப் பெரிய தவறான வாசிப்பு எனலாம்.

தமிழ் ஆய்வாளர் இங்கு நினைவுகூரத்தக்கது தரிசாப்பள்ளிச் செப்பேடு. கி.பி. 849இல் கொல்லத்தில் வழங்கப்பட்ட அதில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் இடம்பெறுகின்றன. சாட்சிக் கையொப்பங்கள் கூஃபி அரபு எழுத்திலும் பகலவியிலும், எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட பாரசீக மொழியிலும் உள்ளன. பரதேசிகள் வந்து சேர்வதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கடற்கரையில் எபிரேய எழுத்தறிந்தோர் வணிகச் சாட்சிகளாக இருந்துள்ளனர். சேந்தமங்கலத்தில் கிடைத்த, கி.பி. 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த சாரா என்னும் பெண்ணின் கல்லறைக்கல் இத்தொடர்ச்சியின் மற்றொரு கண்ணி. இவை இரண்டும் பரதேசிகளின் முன்னோரைப் பற்றியவை அல்ல.

வெள்ளையும் கருப்பும்

16ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த சமயச்சட்ட அறிஞர் தாவீது இப்னு சிம்ராவுக்குக் கொச்சியிலிருந்து ஒரு வினா சென்றது. செல்வமும் வம்சமும் உடைய சிறுபான்மையினர், எண்ணிக்கையில் மிகுந்த மற்றவர்களை அடிமை வழியினர் என்று கூறி மணஉறவு கொள்ள மறுக்கின்றனர். இது தகுமா என்பது அதன் சாரம். சடங்கு முழுக்குக்குப் பின் அவர்களோடு மணஉறவு கொள்ளலாம் என்று விடை வந்தது. விடை கொச்சிக்கு வந்தது, வழக்கம் மாறவில்லை. 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மொசே பெரேரா த பைவா எழுதிய அறிக்கை, வெள்ளை யூதர், கருப்பு யூதர் என்னும் பிரிவினையை ஐரோப்பிய வாசகருக்குக் கொண்டுசென்றது. அவருக்குச் செய்தி தந்தோர் பரதேசிகள். தொன்மையும் தூய்மையும் அவர்களிடம், எண்ணிக்கையும் அடிமை வழியும் மற்றவரிடம் என்ற அமைப்பு அச்சில் ஏறியதும் பின்வந்த பயணிகள் பலர் அதையே வழிமொழிந்தனர்.

பரதேசிப் பள்ளிக்குள்ளேயே இன்னொரு கோடும் இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் எனக் கருதப்பட்ட மெஷுஹ்ராரிம் பிரிவினர் அப்பள்ளியில் தொழுதாலும் இருக்கை பெறவில்லை. முன்கூடமான அசாராவிலோ தரையிலோ அமர்ந்தனர். அப்பிரிவில் பிறந்து வழக்கறிஞரான ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) காந்திய முறையில் இதனை எதிர்த்தார். கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்த அவர், தம் சொந்தப் பள்ளியில் அமர இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. 1929இல் அப்பள்ளியைப் பற்றி நூல் எழுதியவரும் அவரே என்பது அவரது உறவின் சிக்கலைக் காட்டுகிறது: தம்மை விலக்கிய பள்ளியை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை, தமக்கும் உரியதென்று எழுதினார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. நானூறாம் ஆண்டு விழாவுக்கு முந்தைய ஆண்டு அவர் காலமானார்.

அதே பிரிவினரான ரூபி தானியேல், மானுடவியலாளர் பார்பரா ஜான்சனுடன் இணைந்து எழுதிய நினைவுநூல் 1995இல் வெளிவந்தது. ஆவணக்காப்பகங்களில் கிடைக்காத அன்றாடத்தை அந்நூல் தருகிறது. அதற்கு ஈராண்டுகள் முன்பு, 1993இல், இரண்டு முக்கிய நூல்கள் வந்திருந்தன. ஜெ. பி. சீகலின் வரலாறு பிரிவினைச் சிக்கலுக்கு உரிய இடம் அளிக்கிறது. நேதன் காட்ஸும் எலன் கோல்ட்பெர்க்கும் எழுதிய நூல் பரதேசிகளின் சடங்குகளையும் அடையாள உருவாக்கத்தையும் நுணுக்கமாக ஆராய்கிறது. அதன் தலைப்போ 'கொச்சியின் கடைசி யூதர்கள்' என்று பொருள்படுகிறது. எர்ணாகுளத்தில் மலபாரி யூதர்கள் சிலர் அப்போதும் வாழ்ந்தனர். இஸ்ரேலில் அவர்களின் வழியினர் பல்லாயிரவர். ஒரு தெருவின் ஒரு சபையை ஒரு நகரின் யூதர் எனக் கொண்டால்தான் அத்தலைப்பு பொருந்தும். மிகப் பழையோரும் அவர்களே, கடைசியானோரும் அவர்களே என்றால் இடையில் மற்றவர்க்கு இடமில்லை.

1344ஆம் ஆண்டுக் கல்லும் அதன் முடிவும்

கொச்சங்காடிப் பள்ளி 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்துக்குப் பின் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்த காலத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. கால நெருக்கம் இவ்விளக்கத்துக்கு வலுவளிக்கிறது. அதன் முடிவு பற்றிய செய்தி அவ்வாறன்று. 1789இல் திப்பு சுல்தானின் படை அதனை இடித்தது என்று பல நூல்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதியுள்ளன. திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை அரண்மீது திப்பு நடத்திய முதல் தாக்குதல் 1789 திசம்பர் இறுதியில் நிகழ்ந்தது. அது தோல்வியில் முடிந்தது. அரண் உடைக்கப்பட்டது 1790 ஏப்ரலில். கொச்சங்காடியோ அவ்வரணுக்கு வெகுதெற்கே, டச்சுக்காரர் வசமிருந்த கொச்சிக் கோட்டையின் அருகில் இருந்தது. வடக்கே பறவூர்ப் பகுதியில் படை புகுந்ததற்குரிய செய்திகளை இங்கும் ஏற்றிக் கூறியிருத்தல் கூடும். மக்கள் யூதத்தெருவுக்குக் குடிபெயர்ந்ததால் பள்ளி கைவிடப்பட்டுச் சிதைந்தது என்பதே பொருந்தும் விளக்கம். ஒரு படையெடுப்பாளரின் பெயர் கிடைத்தவுடன் தேடல் நின்றுவிடுவது கேரள வரலாற்றெழுத்துக்கு மட்டும் உரிய குறை அன்று.

போர்ச்சுக்கீசியர் பற்றிய செய்தி இதைவிட உறுதியானது. 1662இல் டச்சுக்காரர் கொச்சியைத் தாக்கிப் பின்வாங்கியபோது, அவர்களுக்கு உதவிய குற்றத்துக்காக யூதத்தெரு சூறையாடப்பட்டது. பரதேசிப் பள்ளியும் எரிந்தது. 1663 சனவரியில் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டில் பள்ளி புதுப்பிக்கப்பட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெருவணிகரான எசேக்கியேல் ராகபி 1760இல் மணிக்கூண்டு எழுப்பினார். புகழ்பெற்ற நீலவெண் சீன ஓடுகள் தரையில் பதிக்கப்பட்டது 1762இல். ஆகவே இன்று வருவோர் கண்ணுறுவது பெரும்பாலும் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் டச்சுக்கால வளம். 1568 என்பது அடித்தளத்தின் ஆண்டே அன்றிக் காட்சியின் ஆண்டு அன்று.

கட்டடம் தரும் சான்று

ஆவணங்கள் எரிந்த இடத்தில் கட்டட அமைப்பு பேசுகிறது. கேரள யூதப்பள்ளிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு கூறு உலகின் பிற யூதப்பள்ளிகளில் காணக்கிடைக்காதது. தோரா வாசிக்கும் மேடையான தேபா கூடத்தின் நடுவில் இருப்பது எங்கும் உள்ள வழக்கம். இங்கே மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால், இரண்டாவது தேபா ஒன்றும் உண்டு. சிறப்பு நாள்களில் வாசிப்பு மேலிருந்து நிகழ்ந்தது. பெண்கள் அதற்கு மிக அருகில் இருந்தனர். நுழைவாயில், முற்றம், அசாரா, கூடம் என்று படிப்படியாக உள்ளே அழைத்துச் செல்லும் வரிசையும், செதுக்கிய மரக்கூரையும், சுண்ணம் பூசிய தடித்த சுவர்களும் கேரளக் கோயில், வீடு ஆகியவற்றின் தச்சுமரபைச் சேர்ந்தவை.

ஸ்பெயினிலிருந்து வந்தோர் இந்த மாடி மேடையைக் கொண்டுவந்திருக்க இயலாது; அங்கே அது இல்லை. அவர்கள் வந்த ஊரில் ஏற்கெனவே நிலைத்திருந்த வடிவத்தையே தம் பள்ளிக்கும் எடுத்துக்கொண்டனர் என்பதே இயல்பான முடிவு. அடிமை வழியினர் என்று தாம் இழித்துரைத்தோரின் கட்டடக்கலையிலேயே பரதேசிகள் நானூறு ஆண்டுகள் தொழுதனர்.

தெருவின் மறுகோடி

பரதேசிப் பள்ளியிலிருந்து அதே தெருவில் தெற்கே சென்றால் கடவும்பாகம் பள்ளி. அது 1544ஐச் சேர்ந்தது எனக் கொள்ளப்படுகிறது. அவ்வகையில் பரதேசிப் பள்ளிக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் மூத்தது. 1950களில் மலபாரி யூதர்கள் சபை சபையாக இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். தோராச் சுருள்களை உடன் கொண்டு சென்றனர். கட்டடங்களைக் கொண்டுசெல்ல இயலவில்லை. மட்டாஞ்சேரித் தெக்கும்பாகம் பள்ளி இடிக்கப்பட்டது. கடவும்பாகம் பள்ளி கைமாறிச் சரக்குக் கிடங்காயிற்று. அதன் செதுக்கிய மரக்கூரை 1990களில் எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது. அங்கே அதனுடன் நிற்கும் தோராப் பேழை பறவூர்ப் பள்ளியினுடையது. கூரை எருசலேமில் ஒளிவிளக்குகளின் கீழ்ப் பாதுகாக்கப்பட, மட்டாஞ்சேரியில் எஞ்சிய சுவர்கள் 2019 செப்டம்பர் மழையில் பகுதியாக இடிந்து விழுந்தன.

பரதேசிப் பள்ளி காக்கப்பட்டதற்கும் கடவும்பாகம் சிதைந்ததற்கும் பழமை காரணமன்று. பழமையே அளவுகோலாயின் நிகழ்ந்திருக்க வேண்டியது மறுதலை. பரதேசிகள் பிந்திக் குடிபெயர்ந்தனர், சொத்தும் அரசத் தொடர்பும் உடையோராய் இருந்தனர், தம் வரலாற்றைத் தாமே எழுதினர். இவற்றுள் முதற்காரணத்தை மறுக்க இயலாது: தொழுவோர் இல்லாத பள்ளியை எந்த அடைமொழியும் தாங்கி நிறுத்தாது. ஆயினும் 1968இல் ஒரு பள்ளிக்கு அஞ்சல்தலை வெளிவந்தபோது, அதே தெருவில் அதனினும் மூத்த பள்ளி ஆளின்றி நின்றது என்பதை எந்த விழா உரையும் தடுத்திருக்கவில்லை. எவரும் சொல்லத் தேவைப்படாத நிலை அதற்குள் உருவாகியிருந்தது.

'நகரம்' என்ற சொல்லுக்கும் இதில் பங்குண்டு. கோட்டைக்கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் நகராட்சிகள் 1967இல் ஒரே மாநகராட்சியாயின. அவ்வெல்லையைக் கொண்டால் எர்ணாகுளம் கடவும்பாகம் பள்ளியும் போட்டியில் சேரும். கி.பி. 1200இல் தோன்றியதென அதன் மரபு கூறுகிறது. நிற்கும் கட்டடம் அதைவிட மிகப் பிந்தியது. பல்லாண்டுகள் அதன் முன்பகுதியில் வளர்ப்பு மீன்களும் செடிகளும் விற்கப்பட்டன. அக்கடையை நடத்தியவர் அச்சபையைச் சேர்ந்தவரே. விற்பனையின் வழியாகவே பள்ளியைப் பூட்டாமல் காத்தார். 2018இல் அது புதுப்பிக்கப்பட்டுத் தோராச் சுருளும் கொண்டுவரப்பட்டது.

பாடல்களில் பள்ளிகள்

கல்லும் செப்பும் ஆண்களின் காப்பில் இருந்தன. பெண்களிடம் பாட்டுக் குறிப்பேடுகள் இருந்தன. யூத மலையாளத்தில் அமைந்த இப்பாடல்களைத் திருமணங்களிலும் விழாக்களிலும் பெண்கள் கூடிப் பாடினர். பி. எம். ஜுசே, ஸ்கறியா சக்கரியா, பார்பரா ஜான்சன் ஆகியோரின் தொகுப்புப் பணியும் ஒஃபிரா கம்லியேலின் மொழியாய்வும் இவற்றின் பல காலப்படிவுகளை வெளிக்கொணர்ந்துள்ளன. இவற்றுள் ஒரு வகை, பள்ளி கட்டப்பட்ட வரலாற்றைப் பாடுவது. கடவும்பாகம், தெக்கும்பாகம், பறவூர் என வெவ்வேறு சபைகளுக்குப் பள்ளிப்பாட்டுகள் உள்ளன. இப்பாடல்களின் உலகில் மிகப் பழையது என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் தச்சனோடும் தன் முதலியாரோடும் தன் விழாவோடும் தனித்தனியே பிறக்கிறது. சமூகத் தலைவர்க்குக் கொச்சி மன்னர் அளித்த 'முதலியார்' என்னும் பட்டம் தமிழ் வாசகருக்கு விளக்கம் வேண்டாதது.

பரதேசிப் பெண்களும் மலபாரிப் பெண்களும் பல பாடல்களைப் பொதுவாகக் கொண்டிருந்தனர் என்பது இத்தொகுப்புகளின் முதன்மையான கண்டுபிடிப்பு. ஒருவர் பள்ளியில் மற்றவர் அமரவும் மணஉறவு கொள்ளவும் தடை நிலவிய நூற்றாண்டுகளிலேயே பாடல்கள் ஒரு குறிப்பேட்டிலிருந்து மறு குறிப்பேட்டுக்குப் படியெடுக்கப்பட்டு வந்துள்ளன. அவை எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குச் சென்றன என்பதைப் பாடவேறுபாடுகளைக் கொண்டு வரிசைப்படுத்த இயலும். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் தமிழ்ப் புலமை நூற்றாண்டுக்கு மேலாகக் கையாண்டுவரும் முறையே அதற்கும் போதுமானது. குறிப்பேடுகளின் படிகள் இன்று எருசலேமில் உள்ளன. 1344ஆம் ஆண்டுக் கல், அது பிறந்த இடத்திலிருந்து சிறிது தொலைவில், மட்டாஞ்சேரிச் சுவரில் இருக்கிறது.